வண்டில் நிற்காத காலை

படத்தில் அந்த வண்டில் மஞ்சள் நிறம். புத்தம் புதியது, பெரிய சில்லுகள், பக்கவாட்டில் ஏதோ ஒரு பத்திரிகையின் பெயர். உண்மையில் அண்ணை தள்ளிக்கொண்டு போனது ஒரு பழைய குழந்தை வண்டில். யாரோ குப்பைக்கென்று வீதியோரத்தில் வைத்ததை எடுத்து வந்து, பிள்ளை கிடக்கும் பகுதியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கம்பியால் கட்டியிருந்தார். கைபிடியில் பாதி உரிந்துபோன ஒரு முயல்குட்டிப் படம் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சியில் அந்த மஞ்சள் வண்டிலைக் கண்டபோதே, இவர்கள் காட்டப்போவது அண்ணையை அல்ல என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அன்று அந்த அறையில் இருந்த நாங்கள் நாலு பேரும் அண்ணையைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தோம்.

அண்ணை எனக்குக் கூடப்பிறந்தவர் அல்ல. ஜெர்மனிக்கு வந்த முதல் வருடங்களில், அகதிகளுக்கான விடுதியில் எங்களுக்குப் பக்கத்து அறையில் இருந்தவர். யாழ்ப்பாணத்தில் அவருடைய ஊரும் என்னுடைய ஊரும் ஒரே தேவாலயப் பங்கைச் சேர்ந்தவை. அந்த ஒரு உறவே அப்போது போதுமானதாக இருந்தது. என் கணவருக்கு வேலை அனுமதி கிடைத்ததும் நாங்கள் ஹம் நகரத்தில் ஒரு சிறிய வீட்டுக்கு மாறினோம். அண்ணையின் விண்ணப்பம் முடிவாகவில்லை. அவர் வேலை செய்யக்கூடாது. ஆகவே ஹம்முக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் விடியப்புறம் வீடு வீடாகப் பத்திரிகை போடும் வேலையை என் கணவரின் பெயரில் எடுத்தோம். பெயர் இவருடையது, கால் அண்ணையுடையது. அந்த ஊரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். சொல்வதை விரும்பாத ஒருவர் இன்னும் இருக்கிறார்.

அண்ணைக்கு ஜெர்மன் மொழி ஏறவில்லை. ஆனால் போடுகிற பத்திரிகையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போட அவருக்கு மனம் வராது. மிஞ்சும் ஒரு பத்திரிகையை மடித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வருவார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். ஒவ்வொரு படமாக விரலை வைத்து, "இது ஆர் தங்கச்சி? ஏன் படம் போட்டிருக்கிறாங்கள்?" என்று கேட்பார். நான் மாலை வகுப்புக்குப் போய் அரைகுறையாகப் படித்த ஜெர்மனில் எழுத்துக்கூட்டி வாசித்துச் சொல்வேன். மாநகர சபை, கால்பந்து, எரிந்துபோன ஒரு தளபாடக் கடை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் விரல் வைத்தது ஒரு சிறுமியின் படத்தில். ஒன்பது வயது. முன்பல் ஒன்று விழுந்த சிரிப்பு. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தால் வீட்டுக்கு வரவில்லை, தகப்பனிடம் யாரோ பணம் கேட்டிருக்கிறார்கள் என்று வாசித்துச் சொன்னேன். அண்ணை அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமையும் அதே படம் வந்தது.

வியாழக்கிழமை காலை அவர் வழமையைவிட முந்தி வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. பத்திரிகையை மேசையில் விரித்து, படத்தைக் காட்டினார்.

"தங்கச்சி, இந்தப் பிள்ளையைக் கண்டனான்."

"எங்கை?"

"தோட்டப் பக்கம். ஒரு கொட்டிலுக்குள்ளை. விளக்கு எரிஞ்சது. என்னைப் பாத்தது."

இங்கே ஊர்களின் விளிம்பில், மாடி வீட்டுக்காரர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கும் சிறிய தோட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் மரத்தாலான ஒரு சின்னக் குடில். கோடையில் பூவும் தக்காளியும் சிரிப்புமாக இருக்கும். குளிர்காலத்தில் ஒரு மனிதரும் போவதில்லை. அண்ணை பத்திரிகை போட்டு முடித்துத் திரும்பும்போது அந்த வழியாகக் குறுக்கே வருவார். அன்று ஒரு குடிலின் புகைபோக்கியில் புகை வருவதைக் கண்டு வண்டிலை நிறுத்தியிருக்கிறார். கண்ணாடியை உள்ளிருந்து மட்டையால் அடைத்திருந்தார்கள். மட்டையின் ஒரு மூலை கிழிந்திருந்தது. அந்த ஓட்டையில் முகம்.

"வடிவாப் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். இந்த முகம்தான்."

என் கணவர் இரவு வேலை முடிந்து உள்ளே நித்திரை. அவரை எழுப்ப எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நான் எழுப்பவில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, வயிற்றில் ஏழு மாதம். நான் சொன்னது ஒவ்வொரு சொல்லாக நினைவிருக்கிறது.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் பாக்கேல்லை. பொலிசுக்குப் போனால் முதல் கேள்வி, அந்த நேரத்திலை நீ அங்கை என்ன செய்தனீ எண்டதுதான். உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். இவரின்ரை வேலை பேமிற்றும் போகும். என்ரை வயித்தைப் பாருங்கோ. அவங்கடை நாடு, அவங்கடை பொலிஸ். அவங்கள் கண்டுபிடிப்பாங்கள்."

அண்ணை தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "ஓம்" என்று மட்டும் சொன்னார். போய்விட்டார். பத்திரிகையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். பின்னேரம் மீன் வெட்டுவதற்கு நான் அதைத்தான் நிலத்தில் விரித்தேன். முகம் இருந்த பக்கத்தை உள்ளே மடித்துவிட்டு விரித்தேன்.

பின்னாட்களில் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தொலைபேசிக் கூண்டு இருந்தது. யாரென்று சொல்லாமல், "பிள்ளை, தோட்டம், குடில்" என்று மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். அந்த மூன்று சொல்லும் எனக்கு ஜெர்மனில் தெரியும். அன்று அது எனக்குத் தோன்றவில்லை என்றுதான் பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தோன்றியது. என் உச்சரிப்பை வைத்துப் பிடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். இதை நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலை அண்ணை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பத்து மணிபோல, யாரிடமும் கேட்காமல், பொலிஸ் நிலையத்துக்குத் தனியாக நடந்து போனார். மடித்த பத்திரிகையை மேசையில் வைத்து, படத்தைக் காட்டி, அதன் ஓரத்திலேயே பென்சிலால் தோட்டத்தையும் பாதையையும் ஏழாவது குடிலையும் கீறிக் காட்டியிருக்கிறார். மத்தியானத்துக்கு முன் பிள்ளையை உயிரோடு எடுத்துவிட்டார்கள். கடத்தியவன் தகப்பனிடம் முன்பு வேலை செய்த ஒருவன். அன்று மாலையே பிடிபட்டான். அண்ணையை இரண்டு நாள் வைத்து விசாரித்தார்கள். அவனோடு தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகம். முதல் நாளே கண்டும் ஏன் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். கேட்ட ஒவ்வொரு தடவையும் அண்ணை ஒரே பதிலைச் சொன்னார் என்று அங்கே மொழிபெயர்க்கப் போயிருந்தவர் பிறகு என் கணவரிடம் சொன்னார்: "எனக்குப் பயமாயிருந்தது." என் பெயரை அவர் சொல்லவில்லை. வேலை யாருடைய பெயரில் இருந்தது என்பது மட்டும் எப்படியும் வெளியே வந்தது. என் கணவருக்கு ஒரு தண்டப்பணம், வேலை அனுமதி புதுப்பிப்பதில் சில மாத இழுபறி. அண்ணைக்குப் பத்திரிகை வேலை போனது. ஆனால் நாட்டை விட்டு அனுப்பவில்லை. நான் பயந்தது வந்தது, ஆனால் நான் பயந்த அளவுக்கு வரவில்லை.

வருடங்கள் போயின. அண்ணைக்கு விசா கிடைத்தது, அண்ணி வந்தா, மகள் பிறந்தாள். என்னை மாமி என்று கூப்பிட்டு, என் பிள்ளைகளோடு வளர்ந்து, படித்து, தாதியாக வேலைக்குப் போனாள். அண்ணி நோயில் காலமானபிறகு தகப்பனும் மகளுமாக இருந்தார்கள். நாங்கள் யாரும் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கதைப்பதில்லை. மகளுக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா ஒருகாலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைக் காப்பாற்றினார் என்பது.

அவள்தான் அந்தப் படத்தைப் பற்றி முதலில் அறிந்து வந்தாள். உண்மைச் சம்பவத்தைத் தழுவிய தொலைக்காட்சிப் படம், எட்டேகாலுக்குத் தொடங்கும், ஊரும் பெயர்களும் மாற்றியிருந்தாலும் அது அப்பாவின் கதைதான் என்று. எங்களைக் கூப்பிட்டு, ரோல்சும் கட்லட்டும் பொரித்து வைத்திருந்தாள். அண்ணை இஸ்திரி போட்ட சேட்டு அணிந்து, சோபாவின் நடுவில் அமர்ந்திருந்தார்.

ஒன்பது வயதுப் பிள்ளையை ஆறு வயதாக்கியிருந்தார்கள். குடில் நிலவறையாக மாறியிருந்தது, கையில் சங்கிலி, ஓயாத மழை. கடத்தியவனுக்கு ஒரு துக்கமான பிள்ளைப்பருவத்தைக் கொடுத்திருந்தார்கள். வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி ஒரு பெண். அவளுக்குப் புருஷனோடு பிரச்சினை, சொந்தப் பிள்ளையைப் பார்க்க நேரமில்லாத கவலை. படம் அரைவாசி தாண்டியபிறகு மஞ்சள் வண்டிலோடு ஒரு மனிதன் வந்தான். பிள்ளையைக் காண்கிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். ஒரு நாள் முழுக்கத் தன் அறையில் கட்டிலில் இருந்து சுவரைப் பார்க்கிறான். தமிழில் இரண்டு வசனம் முணுமுணுக்கிறான். அந்தத் தமிழ் எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. பொலிஸ் தேடி வந்ததும் வேலியால் பாய்ந்து ஓடுகிறான், சேற்றில் விழுகிறான், அந்தப் பெண் அதிகாரி அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கித் தன் பிள்ளையின் படத்தை முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். அவன் அழுதுகொண்டு இடத்தைச் சொல்கிறான். இசை உயர்கிறது. அதன்பிறகு அவன் படத்தில் வரவில்லை.

முடிந்ததும் மகள் சத்தத்தைக் குறைத்தாள். "அப்பா, நீங்கள் ஓடினனீங்களா?" என்று கேட்டாள்.

"ஓடேல்லை. நானாத்தான் போனனான்."

"ஆனா ஒரு நாள் சொல்லாமல் இருந்தனீங்கள். அது உண்மையா?"

"ஓம்."

"ஏன்?"

"பயம், பிள்ளை."

என் கையில் தட்டு இருந்தது. தட்டில் கடித்த கட்லட். என் கணவர் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை நான் சொல்லியிருப்பேன் என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு இப்படியான படங்களை நான் தேடிப் பார்க்கத் தொடங்கினேன். இங்கே அவை நிறைய வருகின்றன. ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு பிள்ளை காணாமல் போய், அந்த வழக்கின் தூசி அடங்கியபின் ஒருநாள் மாலை அது படமாகிவிடும். பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. தொண்ணூறு நிமிடம் ஓட வேண்டிய கதையில் பிள்ளை அவசரப்பட்டுக் கிடைத்துவிடக் கூடாது. யாராவது அதைத் தாமதமாக்க வேண்டும். பார்த்தும் வாயைத் திறக்காத ஒருவர், கதவை மூடிய ஒரு அயலவர், பொய் சொன்ன ஒரு தாய். அந்தப் பாரத்தைச் சுமக்க, திருப்பிக் கேள்வி கேட்கமாட்டாத ஒருவரைத் தெரிவுசெய்வார்கள். எங்கள் வழக்கில் அதற்கு அவர்கள் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் தாமதம் உண்மைதான். எங்கோ ஒரு கோப்பில் அது இருந்திருக்கும். அவர்கள் செய்தது, என்னுடைய பயத்தை எடுத்து அண்ணையின் முகத்தில் பூசியது. அதையும் அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. அதை அவரே முதலில் எடுத்துப் பூசிக்கொண்டிருந்தார்.

கோயிலில் பூசை முடிந்து நிற்கும்போது ஆட்கள் பகிடியாகக் கேட்டார்கள், "அண்ணை, அந்த வயசிலை நல்லா ஓடியிருக்கிறியள்." அவரும் சிரித்தார். பிறகு சில மாதம் பூசைக்கு வருவதைக் குறைத்தார். மகள் தகப்பனோடு கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மருந்து எடுத்துக் கொடுத்தாள், டாக்டர் நேரம் குறித்துத் தந்த டெர்மினுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆனால் முந்தி அவரைப் பார்த்த மாதிரி இப்போது பார்க்கவில்லை. நோயாளிகளோடு பேசும் மென்மையான குரலில் அவரோடு பேசத் தொடங்கியிருந்தாள்.

அடுத்த வருடம் வசந்தத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அந்தப் பிள்ளை. இப்போது முப்பத்தைந்தைத் தாண்டிய பெண். பத்திரிகை போட்டவரை எவ்வளவோ காலமாகத் தேடியதாகவும், ஒருமுறை பார்க்க முடியுமா என்றும் கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரயிலில் வந்தாள். என் கணவருக்கு அன்று வேலை. என்னை வரச் சொல்லி அண்ணைதான் கூப்பிட்டார். குட்டையாக வெட்டிய தலைமயிர், பெரிய கைகள். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாளாம். தானே சுட்ட அப்பிள் கேக்கை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

அவள் ஜெர்மனில் பேச, மகள் தகப்பனுக்குத் தமிழில் சொன்னாள். படத்தை எடுக்க வேண்டாம் என்று தான் கேட்டதாகவும், பெயர்களை மாற்றிவிட்டதால் அனுமதி தேவையில்லை என்று பதில் வந்ததாகவும் அந்தப் பெண் சொன்னாள். சங்கிலி இருக்கவில்லை. அவன் அவளுக்கு தகர ரின்னில் அடைத்த ரவியோலி மாவுணவும், ஐந்து வயதுப் பிள்ளைக்குரிய ஒரு நிறம் தீட்டும் புத்தகமும் கொடுத்திருந்தான். "இப்போது சனங்கள் எனக்கு என்னைப் பற்றிச் சொல்கிறார்கள். மழை பெய்தால் உனக்குப் பயமா என்று வேலையிடத்தில் ஒருவர் கேட்டார். அந்த வாரம் மழையே பெய்யவில்லை" என்றாள். மகள் அதைச் சொல்ல, அண்ணை, "ஓம், உறைபனி" என்றார்.

பிறகு அவள் அண்ணையைப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள். ஒவ்வொரு காலையும் வண்டில் போகும் சத்தம் கேட்கும். அதை வைத்துத்தான் நாளை எண்ணினாள். ஒரு காலை சத்தம் நின்றது. ஓட்டையால் பார்த்தாள், ஒரு மனிதர் தன்னைப் பார்த்தார். இனி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துக் காலணியைப் போட்டுக்கொண்டு இருந்தாள். அன்று முழுக்கக் கழற்றவில்லை. அடுத்த நாள் காலை திரும்பவும் சத்தம் வந்தது. குடிலுக்குக் கிட்ட வந்ததும் வேகம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. "படத்தில் நான் எல்லாக் காட்சியிலும் அழுகிறேன். உண்மையில் நான் அழுதது அந்த ஒரு தடவைதான்" என்றாள்.

அவள் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். மகள் அதை மொழிபெயர்க்காமல் கேக்கை வெட்டத் தொடங்கினாள்.

"என்ன சொல்றா?" என்று அண்ணை கேட்டார்.

"ஒண்டுமில்லை அப்பா."

"சொல்லு பிள்ளை. எனக்கு அரைவாசி விளங்கினது."

அப்போதுதான் நான் பேசினேன். ஜெர்மனில், அந்தப் பெண்ணைப் பார்த்து. அவர் வியாழக்கிழமையே என்னிடம் வந்து சொன்னார், நான்தான் போகவேண்டாம் என்றேன், அவர் எதையும் பார்க்கவில்லை என்று அவருக்கே சொல்லிக் கொடுத்தேன், எங்கள் வேலை அனுமதிக்காக. என் குரல் எனக்கே ஏதோ அலுவலகத்தில் விண்ணப்பம் வாசிப்பதுபோலக் கேட்டது.

"உங்களுக்கு அப்போது எத்தனை வயது?" என்று அவள் கேட்டாள். சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்ததையும் சொன்னேன். தலையாட்டினாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. வெளிக்கிடும்போது அண்ணையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கும் கை தந்தாள், கடையில் கண்ணாடி வாங்க வந்தவருக்குக் கொடுப்பதுபோல.

மகள் கோப்பைகளை எடுக்க வந்தாள். "குடிச்சு முடிச்சிட்டீங்களா மாமி?" என்றாள். கோப்பையில் தேத்தண்ணி அப்படியே இருந்தது. அவள் எடுத்துக்கொண்டு போனாள்.

பஸ் தரிப்பிடம் வரைக்கும் அண்ணை என்னோடு நடந்து வந்தார். அவருக்கு அப்போதே மூச்சு வாங்கும். நன்றி சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேனோ என்னவோ. தரிப்பிடத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தபிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நீ ஏன் இப்ப சொன்னனீ?"

"உங்கடை மகள் உங்களைப் பிழையா நினைக்கிறாள் அண்ணை."

"அவள் பிழையா நினைக்கேல்லை." கொஞ்சம் மூச்செடுத்தார். "அண்டைக்குக் கண்ட இடத்திலையிருந்து உன்ரை வீட்டை வர, பொலிஸ் ஸ்ரேசனைத் தாண்டித்தான் வரவேணும். தெரியுமோ? தாண்டித்தான் வந்தனான். நீ என்ன சொல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும். நீ என்னை மறிக்க வேணும் எண்டுதான் உன்னட்டை வந்தனான், தங்கச்சி."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். யன்னலால் பார்த்தேன், அவர் வாங்கிலேயே இருந்தார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணை காலமானார். மகள் அந்தக் கடைசிக் காலத்தில் அவரைத் தலைக்குமேல் வைத்துத் தாங்கினாள். அந்தப் பழைய பார்வை திரும்பி வந்திருந்தது. என்னோடு மரியாதையாகத்தான் நடந்தாள், ஆனால் தன் வீட்டுக்கு வாங்கோ என்று கூப்பிடவில்லை. அடக்கப் பூசையில் அவள் எழும்பி முதலில் ஜெர்மனிலும் பிறகு தமிழிலும் பேசினாள். அப்பாவைப் பற்றித் தொலைக்காட்சி பொய் சொன்னது என்றாள். "அப்பா கண்ட உடனையே போய்ச் சொல்லத்தான் நினைச்சவர். ஒராள் அவரை மறிச்சது. அப்பிடியும் அடுத்த நாள் தனியப் போய்ச் சொன்னவர்." பெயர் சொல்லவில்லை. ஆனால் அவள் கண் ஒருகணம் நான் இருந்த மூன்றாவது வாங்கில் வந்து நின்றது. பின்னால் இருந்த சிலரும் அதைக் கண்டார்கள். கூட்டத்தின் கடைசியில், சுவரோரமாக, குட்டைத் தலைமயிரோடு அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழுதாள்.

அந்தப் படத்தை இன்னும் வருடத்தில் ஒருமுறையாவது திரும்பப் போடுகிறார்கள். மகள் படம் எடுத்த நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்துக்கு, பாத்திரங்கள் கற்பனையானவை என்று ஒரு பக்கப் பதில் வந்ததாகக் கேள்வி. அவள் சொன்ன கதைதான் இப்போது எங்கள் ஆட்களுக்குள் நிலைத்துவிட்டது. அதில் பயந்தவள் நான், பயப்படாதவர் அண்ணை. என் கணவர்கூட ஒருநாள் கேட்டார், "நீ சொன்னதுக்குப் பிறகு அண்ணை உனக்கு ஒண்டுமே சொல்லேல்லையோ?" என்று. இல்லை என்றேன். பஸ் தரிப்பிடத்தில் அவர் சொன்னதை நான் மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் என் பாரம் பாதியாகும், அவள் தகப்பன் திரும்பவும் அந்த மஞ்சள் வண்டிலுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவார்.